தங்கிப் பயிலும் குறுகியகாலப் பயிற்சி: எங்கே தங்குவது, எதில் போவது?

பயிற்சிக்குப் பெயர் உறுதியாகிவிட்டதாக ஏற்பாட்டாளரிடமிருந்து கடிதம் வந்ததும், அதனுடன் வரும் படிவத்தை நம்மில் பெரும்பாலோர் அவசரமாக நிரப்பி அனுப்பிவிடுகிறோம். தங்குமிடம் தேவையா, தனி அறையா பகிர்வு அறையா, சைவமா அசைவமா, எந்த நாளில் வந்து சேர்வீர்கள் என்று நான்கைந்து கேள்விகள்தாம் அதில் இருக்கும். பாடத்தைப் பற்றியும் பயிற்றுநரைப் பற்றியும் பலரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நாம், இந்தக் கேள்விகளுக்கு மட்டும் யோசிக்காமல் விடை எழுதுகிறோம். மூன்று நாளோ ஐந்து நாளோ நடக்கும் ஒரு பயிற்சியால் நமக்கு எவ்வளவு பயன் விளையும் என்பது பெருமளவு இந்த விடைகளைப் பொறுத்தே அமைகிறது என்பதைப் பங்கேற்பாளராகவும், சில வேளைகளில் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவராகவும் இருந்து கண்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு தேர்வையும் அதன் மாற்றோடு ஒப்பிட்டு, எது யாருக்குப் பொருந்தும் என்று இங்கே எழுதுகிறேன்.

மலேசியத் தமிழர்களில் இத்தகைய பயிற்சிக்குச் செல்வோர் பலவகையினர். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் அமினுடின் பாக்கி கல்விக் கழகத்தின் கெந்திங் மலை வளாகத்துக்கோ பண்டார் என்ஸ்டெக் வளாகத்துக்கோ செல்கிறார்கள். அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பினாங்கு குளுகோரில் 1967 முதல் இயங்கிவரும் ரெக்சாம் மையம் உண்டு. அரசு அதிகாரிகளுக்குக் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகத்தின் வளாகம் உண்டு. தனியார் நிறுவனங்கள் பத்து ஃபிரிங்கி போன்ற இடங்களில் உள்ள ஓட்டல்களில் தங்கள் ஊழியருக்குப் பயிற்சி நடத்துகின்றன. இவர்களைத் தவிர யோகம், தியானம், எழுத்துப் பட்டறை, இசை என்று சொந்தப் பணத்தில், சொந்த விடுப்பில் செல்வோரும் இருக்கிறார்கள்; யாரும் அனுப்பாமல் தாமாகவே கற்கப் போகிறவர்கள் என்பதால் அவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கும் போகிறவர்களையே இக்கட்டுரையில் முதன்மையாக மனத்தில் கொண்டிருக்கிறேன்.

ஒப்பீட்டுக்கு நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பயிற்சி நாள்களில் உங்கள் மாலைப்பொழுது யாருக்கு உரியதாக இருக்கும்? கால அட்டவணையில் பகல் வகுப்பு ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆனால் பகலில் கேட்கத் தயங்கிய கேள்வியைப் பயிற்றுநரிடம் கேட்க வாய்ப்பது இரவு உணவு மேசையில்தான்; மறுநாள் காலை படைக்க வேண்டிய குழுப்பணி உருவாவது எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான்; ஜொகூரிலிருந்தோ பேராக்கிலிருந்தோ வந்த சக பங்கேற்பாளர் அதே சிக்கலைத் தம் பள்ளியில், தம் அலுவலகத்தில் எப்படித் தீர்த்தார் என்பது தெரியவருவதும் அந்த நேரத்தில்தான். தங்கிப் பயிலும் பயிற்சிக்கும் பகல்நேரக் கருத்தரங்குக்கும் உள்ள வேறுபாடே இந்த மாலைதான் என்பதால், அதைக் கெடுக்கும் தேர்வு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நட்டமே.

தங்குமிடம்

முதலில் வீட்டிலிருந்தே போய்வருவதைப் பார்ப்போம். கோலாலம்பூரில் நடக்கும் பயிற்சிக்குக் கிள்ளானிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ செல்பவருக்கு இதுவே இயல்பான தேர்வாகத் தோன்றும். அறைக் கட்டணம் மிச்சம், சொந்தப் படுக்கை, பழகிய சாப்பாடு. ஆனால் காலை எட்டு மணிக்குப் பதிவு என்றால் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலை எண்ணி இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கும். மாலை வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் தேநீருக்கு உட்காரும்போது நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் பயிற்சி இடம் இருந்தால் அலைச்சல் ஓரளவு குறையும் என்றாலும், வீட்டுக்குள் நுழைந்த பிறகு நடப்பதை எந்த ரயிலும் மாற்றாது. குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் வரை சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் மறுநாள் சீருடையும் அவர்கள் கைக்கே வந்து சேரும். பகல் முழுதும் படித்துவிட்டு இரவிலும் வீட்டு வேலை பார்த்துவிட்டு மறுநாள் காலை முதல் வரிசையில் உட்காருவது யாராலும் நெடுநாள் முடியாது. அந்தச் சில நாள்களுக்கு வீட்டுப் பொறுப்பைக் கணவரோ மாமியாரோ ஏற்றுக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது, பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவதைப் போலவே முக்கியமான ஏற்பாடு.

பினாங்கில் பயிற்சி என்றதும் பட்டர்வொர்த்திலோ பிறையிலோ ஆயர் ஈத்தாமிலோ இருக்கும் சித்தி வீடும் மாமா வீடும் நினைவுக்கு வருவது நம்மவருக்கு இயற்கை. ‘ஊருக்கு வந்தும் எங்கள் வீட்டில் தங்கவில்லையே’ என்ற மனக்குறை வந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் கூடவே வரும். உறவினர் வீட்டில் கிடைக்கும் அன்புக்கு விலை இல்லை. சிக்கலே அந்த அன்பிலிருந்துதான் வருகிறது. நீங்கள் வரும்வரை அவர்கள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். உங்களுக்காகக் கோழி வாங்கிக் குழம்பு வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும், பக்கத்துத் தாமானில் இருக்கும் பெரியம்மாவையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். இதற்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து குழுப்பணி செய்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். செய்யாவிட்டால் உங்கள் குழுவினருக்கு நீங்கள் கடன்பட்டவராவீர்கள். வீடு நிலப்பகுதியில் இருந்துவிட்டால் இன்னொரு தொல்லையும் சேரும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவோரின் வாகனங்கள் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைக் காலையில் நிறைத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பிறையிலிருந்து தீவுக்குள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது: பயிற்சி முடியும்வரை வளாகத்தில் தங்குங்கள், முடிந்த அன்று மாலை உறவினர் வீட்டுக்குப் போய் ஓர் இரவு முழுதாக அவர்களோடு இருங்கள். கோலாலம்பூரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில், “சித்தி, இரவிலும் வகுப்பு இருக்கு, வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்” என்று சொல்லிவிட்டால் மனக்குறைக்கு இடமே இல்லை. பயிற்சிக்கு நடுவில் களைத்துப் போய் வந்து தூங்கி எழுந்து ஓடுகிற விருந்தினரைவிட, வேலை முடிந்து நிம்மதியாக வந்து உட்காரும் விருந்தினரைத்தான் எந்த வீடும் விரும்பும்.

அருகிலுள்ள ஓட்டலில் தனியாக அறை எடுப்பது மூன்றாவது வழி. வளாக விடுதியின் வசதி போதாது என்று கருதுவோரும், துணைவரை உடன் அழைத்துவர நினைப்போரும் இதைத் தேர்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் ஓட்டல் இருந்தால் இதில் பெரிய குறை இல்லை. ஆனால் பினாங்குத் தீவு சிறியதுதானே என்று எண்ணிக் குளுகோரிலோ பத்து ஃபிரிங்கியிலோ நடக்கும் பயிற்சிக்கு ஜார்ஜ்டவுனில் அறை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பத்து ஃபிரிங்கிக்குப் போகும் கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து செல்லும் ஒடுங்கிய சாலை. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அதில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். குடும்பத்தை அழைத்துவருவதைப் பற்றியும் தயங்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறக் காத்திருக்கும்போது அம்மாவோ அப்பாவோ குழுப்பணியில் மனம் ஊன்றி இருக்க முடியாது. அவர்கள் கடைசி நாளில் வந்து சேரட்டும். பிறகு இரண்டு நாள் சேர்ந்து சுற்றுங்கள்.

எஞ்சுபவை வளாகத்தில் தங்கும் இரண்டு வழிகள்: பகிர்வு அறையும் தனி அறையும். பெரும்பாலான பயிற்சிகளில் கட்டணம் இருவர் பகிரும் அறைக்கே கணக்கிடப்பட்டிருக்கும். தனி அறை வேண்டுமென்றால் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரண்டு மூன்று இரவுகளுக்குப் பகிர்வு அறையே போதும் என்பது என் கருத்து. முன்பின் அறியாத ஒருவரோடு அறையைப் பகிர்வதில் கூச்சம் இருக்கும்தான். ஆனால் தனியாக வந்தவருக்கு முதல் நாளே ஒரு துணை கிடைக்கிறது, சாப்பாட்டு மண்டபத்தில் யாரோடு உட்காருவது என்ற தயக்கம் தீர்கிறது, இரவு வகுப்பில் புரியாததைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசித் தீர்த்துக்கொள்ள முடிகிறது. ஐந்து இரவு அல்லது அதற்கு மேல் என்றால் நான் தனி அறைக்கே பணம் கொடுப்பேன். தூக்கக்குறை ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போய், பயிற்சியின் மிகக் கனமான பகுதி வரும் நான்காம் நாளில்தான் தன் வேலையைக் காட்டும்.

சிலர் நாள்கணக்கைப் பார்க்காமல் தனி அறையையே கேட்க வேண்டும். குறட்டை பலமாக உள்ளவர்களும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்குக் கருவி பொருத்தித் தூங்குபவர்களும், இரவில் பலமுறை கழிப்பறைக்கு எழ வேண்டியிருப்பவர்களும் தனி அறை எடுப்பது தங்களுக்கும் நல்லது, அறைத் தோழருக்கும் நல்லது. மருத்துவக் காரணம் என்று எழுதிக் கேட்டால் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தள அறையையோ மின்தூக்கி உள்ள கட்டடத்தையோ முன்பே கேட்டுவிட வேண்டும். பழைய வளாக விடுதிகள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. குளியலறை அறைக்குள்ளா, தாழ்வாரத்தின் கோடியில் பொதுவாகவா என்பதையும் கேளுங்கள்.

பகிர்வு அறையில் முதல் இரவே சில விஷயங்களைப் பேசி முடிவுசெய்துவிடுவது நல்லது. விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, குளிர்சாதனத்தை எந்த அளவில் வைப்பது, யார் முதலில் குளிப்பது, வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வெளியே போவதா என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும் வழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடுதி அறைகளில் புகை உணர்கருவி இருக்கும், திறந்த தீபத்துக்கும் சாம்பிராணிக்கும் அனுமதி இருக்காது. திருநீறு பூசி, சிறு படத்தின் முன் கைகூப்புவதோடு அந்த நாள்களை நடத்திக்கொள்ளலாம். தமிழ் முஸ்லிம் பங்கேற்பாளர்களுக்கு அரசு வளாகங்களில் சூராவ் எனப்படும் தொழுகை அறை இருக்கும். தனியார் இடங்களில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அட்டவணையில் இடைவேளை விட்டிருக்கிறார்களா என்றும், நோன்பு மாதமானால் சஹர் உணவுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு

தங்குமிடத்துக்கு அடுத்தபடியாக அதிக மனத்தாங்கலை உண்டாக்குவது சாப்பாடு. சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டணம் செலுத்துவதா, அறைக்கு மட்டும் செலுத்தி வெளியே சாப்பிடுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சில பயிற்சிகளில் உண்டு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ நடந்து போகும் தூரத்தில் பயிற்சி நடந்தால் இரண்டாவது வழி ஆசைகாட்டும். வாழையிலைச் சாப்பாடு, தோசை, நல்ல காப்பி எல்லாம் அங்கே உண்டு. இருந்தும் நான் முதல் வழியையே சொல்வேன். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் மேசையை விட்டு நாள்தோறும் எழுந்து போகிறவர், பயிற்சியின் பாதிப் பேச்சைத் தவறவிடுகிறார். வெளிச்சாப்பாட்டை ஓர் இரவுக்கு வைத்துக்கொண்டு, அதற்கும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போவது உத்தமம்.

சைவ உணவுக்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது உண்டு. படிவத்தில் சைவம் என்று குறியிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சமையற்கூடத்தை நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்துத் தட்டில் வருவது மாறும். மலாய்ச் சமையலில் கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம், காய்கறிச் சூப்பில் நெத்திலி கொதித்திருக்கலாம். சீனச் சமையலில் காய்கறிகளின் மேல் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். முட்டையை இவ்விரு கூடங்களிலும் சைவத்தோடு சேர்த்துவிடுவது உண்டு. மாறாக, சீன பௌத்தச் சைவச் சமையல் என்றால் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. ஆகவே இறைச்சி, மீன், முட்டை, பெலாச்சான், நெத்திலி, இறால், சிப்பிச் சாறு ஆகியவை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக மலாயில் எழுதி, பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டாளருக்கு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் சமையற்காரரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த நேர்ப்பேச்சு, படிவத்தைவிடப் பல மடங்கு பலன் தரும். செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம், புரட்டாசியில் மட்டும் சைவம் என்று இருப்பவர்கள் தேதிகளைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். அசைவம் உண்ணும் இந்துக்களும் ஒன்றைக் கேட்டு வைப்பது நல்லது: மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் அதற்குப் பெயர்ச்சீட்டும் தனிக் கரண்டியும் வைப்பார்களா என்று. பணிவாகக் கேட்டால் மறுக்கும் சமையற்கூடத்தை நான் பார்த்ததில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் வளர்ந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அது மற்ற இனங்களைவிட அதிகம். தங்கிப் பயிலும் பயிற்சிகளில் காலைப் பசியாறல், பத்தரை மணித் தேநீர், மதிய உணவு, மாலைத் தேநீர், இரவு உணவு, இரவு வகுப்புக்குப் பின் மீண்டும் ஒரு தேநீர் என்று ஆறு வேளை மேசை நிறைந்திருக்கும். அவற்றில் பல வேளைகளில் பலகாரமும் உண்டு. பெரிய கலனில் வரும் தேநீரில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடலாம், அல்லது வெந்நீர் வாங்கித் தாமே தேநீர்ப் பை போட்டுக்கொள்ளலாம். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பதால், வழக்கமான அளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். ஓட்டல்கள் சிலவற்றில், அறை அட்டையைச் சுவரிலிருந்து எடுத்ததும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடும். பகல் முழுதும் மருந்து வெப்பத்தில் கிடக்கும். அப்படியானால் அலுவலகக் குளிர்பெட்டியில் பெயரெழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயன்பாட்டில் உள்ள ஊசிப்பேனா, வகையைப் பொறுத்து, ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் இருக்கலாம் என்றாலும், 30 பாகையைத் தாண்டும் அறையிலோ வெயிலில் நிற்கும் காரிலோ அதை விட்டுவைக்கக் கூடாது.

பயணம்

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ரயிலா, பேருந்தா, காரா, விமானமா என்பதைப் பயிற்சி நடக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்த பிறகே முடிவுசெய்ய வேண்டும். கேஎல் சென்ட்ரலிலிருந்து புறப்படும் இடிஎஸ் ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிடும். அதாவது தீவில் இல்லை, நிலப்பகுதியில். அங்கிருந்து ஃபெரித்துறைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், ஜார்ஜ்டவுனில் நடக்கும் பயிற்சிக்கு ரயிலே சிறந்தது. சாலை நெரிசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, வழியில் படிக்கலாம், தூங்கலாம். ஃபெரி இரவு முழுதும் ஓடுவதில்லை. கடைசி ரயிலில் வருபவர்கள் பாலம் வழியாகக் கிராப் வண்டியில் வரும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குளுகோரிலோ பாயான் லெப்பாஸ் பக்கத்திலோ பயிற்சி என்றால் பேருந்து எளிது. கோலாலம்பூர் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டுத் தீவில் உள்ள சுங்கை நிபோங் நிலையத்துக்கே வரும் பேருந்துகள் உண்டு. அங்கிருந்து ரெக்சாமும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் மிக அருகில். பயணம் ஐந்து மணி நேரம் என்று வையுங்கள், வெள்ளி மாலையில் இன்னும் கூடும். விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கிறது என்றாலும், நகரிலிருந்து கேஎல்ஐஏ போய்ச் சேர்வதையும் அங்கே காத்திருப்பதையும் கூட்டினால் ரயிலோடு ஒப்பிட்டு அதிகம் மிச்சமாகாது. விமான நிலையம் பாயான் லெப்பாஸில் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பயிற்சிக்கு மட்டும் அது பொருந்தும். காரில் போவதை, மூன்று நான்கு பேர் சேர்ந்து போகும்போதும், இசைக்கருவி போன்ற பெரிய சுமை இருக்கும்போதும் தவிர நான் பரிந்துரைப்பதில்லை. ஐந்து நாள் பயிற்சி முடிந்த களைப்போடு பிளஸ் நெடுஞ்சாலையில் தனியாக இரவில் ஓட்டிவருவது ஆபத்து.

எந்த வாகனமானாலும் பயிற்சிக்கு முந்தைய நாள் மாலையே வந்து சேர்ந்துவிடுங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு கூடுதல் இரவுக்கான செலவைப் பார்த்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்கள், பயிற்சியின் அடித்தளமான முதல் அமர்வில் கண்களைத் திறந்து வைத்திருக்கப் படாதபாடு படுகிறார்கள். திரும்பும் பயணச்சீட்டிலும் இதே நிதானம் வேண்டும். நிறைவு நிகழ்ச்சி ஒரு மணிக்கு முடியும் என்று அட்டவணையில் இருந்தால், அது நீளும் என்று வைத்துக்கொண்டு நான்கு மணிக்குப் பிந்திய ரயிலை எடுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், பள்ளி விடுமுறை ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் இடிஎஸ் இருக்கைகள் வெகு விரைவில் தீர்ந்துவிடும். பயிற்சி உறுதியான அன்றே சீட்டு வாங்கிவிட வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாளானால் பினாங்கில் தண்ணீர்மலைப் பகுதிச் சாலைகளும் கோலாலம்பூரில் பத்துமலைப் பகுதியும் எப்படி இருக்கும் என்று நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

வார நாளா, வார இறுதியா?

ஒரே பயிற்சியை வார நாள்களில் ஐந்து நாளாகவும், இரண்டு வார இறுதிகளாகப் பிரித்தும் நடத்துவது உண்டு. விடுப்பு கிடைக்குமானால் ஐந்து நாளையே எடுங்கள். வார இறுதிப் பயிற்சியில், வெள்ளி வேலை முடித்து ஓடிவந்து, ஞாயிறு மாலை திரும்பி, திங்கள் காலை மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும். இடைப்பட்ட ஐந்து நாளில் கற்றதும் கலைந்துவிடும். கெடாவிலிருந்து பினாங்குக்கு வருபவர்களுக்கு மேலும் ஒரு சிக்கல்: அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணி ஆசிரியர் ஒருவருக்கு ஞாயிறு வேலை நாள் என்பதைப் பினாங்கு ஏற்பாட்டாளர் எண்ணாமல் விட்டிருக்கக்கூடும். நீங்கள்தான் விடுப்புக்கு எழுத வேண்டும்.

தனியார் ஊழியர்கள் சொந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன், தம் நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்புக்குத் தீர்வை செலுத்துகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்பது நல்லது. சட்டம் குறிப்பிடும் துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், ஊழியர் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சிக்காகச் செலுத்துகின்றன. தகுதியுள்ள பயிற்சிக்கு அந்தத் தொகையைப் பயன்படுத்தலாம். ஆனால் பயிற்சி தொடங்குமுன் முதலாளி விண்ணப்பித்திருக்க வேண்டும், முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இதுவரை சொன்ன அளவுகோல் பொருந்தாத பயிற்சியும் ஒன்று உண்டு. பகாங் கம்பாங்கில் உள்ள விபாசனா தியான மையத்தில் நடப்பதைப் போன்ற பத்து நாள் மௌனப் பயிற்சிகளில் மாலைப் பேச்சே கிடையாது. கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும், நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது, இரவு உணவு இல்லை, கட்டணமும் இல்லை. அங்கே போகிறவருக்கு எந்த அறை என்பது பெரிதல்ல. பத்து நாளும் தன்னைத் தேடி அழைப்பு வராதபடி வீட்டையும் அலுவலகத்தையும் ஒழுங்குசெய்துவிட்டுப் போவதும், நாள்தோறும் மருந்து உண்பவரானால் சாப்பாட்டு நேரங்கள் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதும்தான் முக்கியம். இதற்கு முன் இரண்டு மூன்று நாள் பயிற்சி எதிலும் தங்கிப் பழகாதவர்கள் நேரே பத்து நாளுக்குப் பெயர் கொடுப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றில் பலரும் மறப்பது கம்பளிச் சட்டையையோ தடித்த சால்வையையோதான். வெளியே எவ்வளவு புழுக்கம் என்றாலும் வகுப்பறையின் குளிர்சாதனம் நடுங்க வைக்கும். வளாக விடுதியானால் துவாலை, சவர்க்காரம், சிறு பூட்டு, இரப்பர்ச் செருப்பு, மின்னிணைப்பு நீட்டிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெற்றோரோ இருப்பவர்களைப் பற்றி. அவர்களிடம் வளாகத்தில் தங்கியே ஆக வேண்டும் என்று சொல்வது, வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். போய்வருவதுதான் வழி என்றால், எந்த இரவு குழுப்பணி கட்டாயம், எந்த இரவு பயிற்றுநருடன் கலந்துரையாடல் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டு, அந்த ஓர் இரவுக்கு மட்டும் அறை கேளுங்கள். வீட்டில் அந்த ஓர் இரவுக்கு அக்காவையோ அத்தையையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளர்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முழுக் கட்டணம், பகல்நேரக் கட்டணம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல், ஓர் இரவு மட்டும் தங்குவோருக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.